பட்டம் நாடாக் கல்வியும் அதன் இலக்கும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவரைத் திருமண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ காணும் பெரியவர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தம்பி, என்ன படிக்கிறீங்க?" பல்கலைக்கழகத்தில் பயில்பவர் தம் துறையின் பெயரை உடனே சொல்லிவிடுகிறார். சமூகக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ பயில்பவர் சற்றே தயங்குகிறார். பிறகு, "படிக்கல அங்கிள், சும்மா ஒரு கோர்ஸ் போறேன்" என்கிறார்.

சொற்களின் பொருளை ஆராய்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடை நெடுநாளாக உறுத்தலாக இருந்துவருகிறது. நாள்தோறும் வகுப்புக்குச் செல்பவர், கருவிகளைக் கையாளப் பழகுபவர், தேர்வும் எழுதுபவர், தாம் படிக்கவில்லை என்கிறார். அத்துடன் நில்லாமல் 'சும்மா' என்றும் சொல்கிறார். சைவ மரபில் 'சும்மா இருத்தல்' மிக உயர்ந்த நிலையைக் குறிக்கும். இவ்விளைஞர் வாயிலோ அச்சொல், 'என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டா' என்னும் வேண்டுகோளாக ஒலிக்கிறது.

பட்டப்படிப்பில் சேராது பயில்வோர் எந்த இலக்கை நாடி வருகின்றனர், அவ்விலக்கு நம் கண்ணுக்குப் புலப்படாமற் போவதற்கு நாம் வழங்கும் சொற்கள் எவ்வாறு காரணமாகின்றன, ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது யாது என்பவற்றை இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. சமூகக் கல்லூரி என்பது யாது?

மலேசியாவில் சமூகக் கல்லூரிகள் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றன. முதற்கட்டத்தில் 12 கல்லூரிகள் தோன்றின. இன்று நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்டவை உயர்கல்வி அமைச்சின்கீழ், பாலிடெக்னிக் கல்லூரிகளைக் கவனிக்கும் அதே துறையின் மேற்பார்வையில் இயங்குகின்றன. இவற்றில் இருவகைப் பயிற்சி உண்டு. எஸ்.பி.எம். முடித்தவர்கள் முழுநேரமாகப் பயிலும் சான்றிதழ்க் கல்வி ஒன்று. சிலவிடங்களில் டிப்ளோமாவும் உண்டு. வட்டாரத்து மக்கள் ஓரிரு நாளோ வாரயிறுதிகளிலோ வந்து கற்றுச் செல்லும் குறுகியகாலப் பயிற்சி மற்றொன்று. ரொட்டியும் கேக்கும் சுடுதல், தையல், கணினி பழுதுபார்த்தல், வீட்டு மின்கம்பி இணைப்பு முதலியன இதில் அடங்கும்.

அமெரிக்காவில் இதன் முன்னோடி 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தோன்றியது. பல்கலைக்கழகக் கல்வியின் முதல் ஈராண்டுகளை உள்ளூரிலேயே கற்பிப்பது அதன் தொடக்க நோக்கம். பின்னாளில் தொழிற்பயிற்சி நாடுவோரும், ஒரே ஒரு பாடம் கற்க வருவோரும் அத்தகைய கல்லூரிகளுக்குள் வந்து சேர்ந்தனர். இந்தியாவில் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையும் இம்முயற்சியைத் தொடங்கின. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் அதைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். பள்ளிக்கல்வியில் பின்தங்கியோரையும் வறியோரையும் வேலைக்குரியோராக்குவது அங்கு நோக்கம். தமிழகத்தில் அதனைச் 'சமுதாயக் கல்லூரி' என்பர். நம் நாட்டில் 'சமூகக் கல்லூரி' என்கிறோம். பெயர் சற்றே வேறுபடினும், கல்வி மக்களைத் தேடி வரவேண்டும் என்னும் கருத்து ஒன்றே.

இக்கருத்து நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. செந்தூல் இரயில்வே பட்டறையில் தமிழர் பலர் இரும்புத் தொழிலும் இயந்திரத் தொழிலும் வேலையினூடாகவே கற்றுத் தேர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸில், 1951இல் நிறுவப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரெய்ல் எழுத்தும் தொழிலும் கற்பித்து வந்துள்ளது. அவ்வட்டாரத்தில் பார்வையற்றோர் நடத்தும் உடற்பிடிப்பு நிலையங்களை அறியாதார் இலர். அதே பிரிக்பீல்ட்ஸில், 1981இல் தோன்றிய நுண்கலைக் கோயிலில் பரதமும் இசையும் கற்போருள் பெரும்பாலோர் பட்டத்தை எண்ணி அங்குச் செல்வதில்லை. இவர்கள் எல்லாரும் கற்றவர்களே. ஆயினும் 'படிப்பு' என்ற சொல்லை இவர்களுக்கு வழங்க நம் நா எளிதில் எழுவதில்லை.

2. பயிற்சியின் பெயர் வேறு, இலக்கு வேறு

ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைக் கற்கும் பத்துப் பேரின் இலக்கு ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. கேக் சுடும் பயிற்சி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் தங்குவிடுதிச் சமையற்கூடத்தில் வேலை தேட வந்திருப்பார். ஒருவர் ஏற்கெனவே அவ்வேலையில் இருந்து, சம்பள உயர்வுக்காக வந்திருப்பார். வீட்டிலிருந்தபடியே தீபாவளிப் பலகாரம் விற்கும் அம்மையார், கேக்கையும் தம் வணிகத்தில் சேர்க்க வந்திருப்பார். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தாய் ஒருவர், இத்தனை ஆண்டுக்குப் பிறகு தம்மால் வகுப்பில் உட்கார்ந்து கற்க இயலுமா என்று அறிய வந்திருப்பார். எஸ்.பி.எம். தேர்வில் தோல்வியுற்ற இளைஞர், தமக்கு எதிலேனும் கைவருமா என்று தேடி வந்திருப்பார்.

பதிவேட்டில் இவ்வைவருக்கும் எதிரே எழுதப்படுவது பயிற்சியின் பெயர் மட்டுமே. அது பெயர்ச்சொல். இலக்கோ வினையில் உறைகிறது. தமிழிலக்கணம் இதற்கு அருமையான வாய்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் நோக்கப் பொருளை உணர்த்தவல்லது: கடை வைக்க, சம்பளம் உயர, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க, அச்சம் நீங்க. நான்காம் வேற்றுமையும் பொருட்டுப் பொருளில் வந்து அதே பணியைச் செய்யும்: வேலைக்கு, குடும்பத்துக்கு, மன நிறைவுக்கு. ஆகவே, "என்ன கற்கிறீர்கள்?" என்னும் கேள்விக்குப் பெயர்ச்சொல் விடையாகும், "என்ன செய்யக் கற்கிறீர்கள்?" என்னும் கேள்விக்கே இலக்கு விடையாகும். முதற்கேள்வியைக் கேட்டு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது.

பட்டப்படிப்பில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. பட்டமே இலக்கு என்று எல்லாரும் ஒப்புக்கொள்வதால், மேலும் கேட்கவேண்டிய தேவை எழுவதில்லை. பட்டம் நாடாதவரிடமோ கேட்டால் அன்றி இலக்கு தெரியாது.

3. 'இடைநின்றவர்' என்னும் சொல்

நம் பிழை ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். பணி ஓய்வுக்குப் பின், கிள்ளானில் மாலை வகுப்பொன்றில் கணினியில் தமிழ்த் தட்டச்சு கற்பித்தோம். பன்னிரண்டு வாரப் பயிற்சி அது. நான்காம் வாரத்துக்குப் பின் ஓர் அம்மையார் வரவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'இடைநின்றார்' என்று நம் கையாலேயே எழுதினோம். சில மாதங் கழித்து ஒரு கடையில் அவரைக் கண்டோம். அச்சகம் ஒன்றுக்குத் திருமண அழைப்பிதழ்களைத் தமிழில் தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னார். "எனக்கு அது தெரிஞ்சாப் போதும்னுதான் சார் வந்தேன். தெரிஞ்சிடுச்சு" என்றார். பன்னிரண்டு வாரமும் வந்து சான்றிதழ் பெற்றவர்களுள் எத்தனை பேர் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள் என்பதை நாம் கேட்டதேயில்லை.

'இடைநிற்றல்' என்னும் சொல், புறப்பட்ட இடமும் சேரவேண்டிய இடமும் உடைய ஒரு பயணத்தை முன்கொள்கிறது. அச்சேருமிடத்தை வகுத்தவர் யார்? இங்கு வகுத்தவர் பாடத்திட்டம் எழுதிய நாம், அவ்வம்மையார் அல்லர். தாம் வகுத்த இடத்தை அடைந்தவரை, நாம் வகுத்த இடத்தை அடையவில்லை என்பதற்காக இடையில் நின்றவர் என்றோம்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க அரசு கணக்கிடும் பட்டமளிப்பு விகிதம், முதன்முறை சேர்ந்து முழுநேரமாகப் பயின்று பட்டமோ சான்றிதழோ நாடுவோரை அடிப்படையாகக் கொண்டே நெடுங்காலம் கணிக்கப்பட்டது. ஒரு பாடம் கற்றுச் செல்வோர் அக்கணக்கில் இடம்பெறவில்லை. கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரிகளை ஆராய்ந்த பீட்டர் ரைலி பார் என்னும் அறிஞர், மாணவர் உண்மையில் என்ன பாடங்களை எடுத்தனர், எவ்வளவு காலம் தங்கினர் என்பதைக் கொண்டு அவர்களை வகைப்படுத்தினார். ஓரிரு பாடம் மட்டும் எடுத்து, அவற்றில் நன்கு தேர்ச்சி பெற்று, விரைவில் வெளியேறும் ஒரு பிரிவினர் இருப்பதை அவர் சுட்டினார். பழைய கணக்கில் இவர்கள் தோற்றவர்கள். பாடத் தேர்ச்சியை நோக்கினால் வென்றவர்கள். வேலையில் இருந்துகொண்டே தமக்கு வேண்டிய திறனை மட்டும் கூட்டிக்கொள்ள வருவோரைத் 'திறன் கட்டுவோர்' என்னும் பொருள்படும் பெயரால் அவ்வாய்வுலகம் இன்று வழங்குகிறது. பெயர் மாறியதும் பார்வையும் மாறியது.

தமிழில் இதற்கு ஏற்ற வேறுபாடு முன்னரே உண்டு. 'கற்றவர்' என்பது இறந்தகால வினையாலணையும் பெயர். செயல் முடிந்தது, தகுதி வந்துவிட்டது என்னும் குறிப்பை உடையது. 'கற்பவர்' என்பது முடிவைச் சுட்டாது. செயல் தொடர்வதை உணர்த்தும். சமுதாயம் மதிப்பதோ கற்றவரை. கற்பவருக்கு இளமை ஒன்றே தகுதி என்று கருதி, நாற்பது அகவையில் கற்பவரைக் கண்டு வியக்கிறோம். சிலபோது நகைக்கவும் செய்கிறோம். திருக்குறளின் அதிகார வரிசையை நோக்குக: கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை. நூல்வழிக் கல்வி வாய்க்காதவருக்கும் செவிவழி அறிவுக்கு வழி வைத்து, அதன்பின் அறிவுடைமையைப் பேசுகிறது அவ்வரிசை.

4. மறுபக்கம்: 'உங்களுக்கு இது போதும்'

இதுவரை சொன்னதைக் கேட்டு, பட்டம் நாடாதவரை அவர் போக்கிலேயே விட்டுவிடலாம் என்று முடிவுசெய்தால் பெரும் பிழையாகும். 1960இல் பர்ட்டன் கிளார்க் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். பல்கலைக்கழகத்தை நாடி இரண்டாண்டுக் கல்லூரிக்கு வரும் மாணவரை, ஆலோசனையாலும் தேர்வு மதிப்பெண்ணாலும் சிறிது சிறிதாக ஆசை தணியச் செய்து, குறுகிய தொழிற்பயிற்சிக்குத் திருப்பிவிடும் வேலையை அக்கல்லூரிகள் ஓசையின்றிச் செய்கின்றன என்றார். அடுப்பிலிருந்து இறக்கிய பாலை ஆற்றுவது போன்ற செயல் அது. மாணவர் தாமே அம்முடிவை எடுத்ததாக நம்பிவிடுவார் என்பதே அதில் உள்ள கொடுமை.

நம் சமுதாயத்தில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின், கிள்ளான் பள்ளத்தாக்கின் மலிவு அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு, 'இன்னும் படிக்கலாம்' என்று சொல்ல வீட்டில் முன்மாதிரி இல்லை. அவர்கள் சொல்லும் இலக்கு, சில வேளை இலக்கன்று. தமக்கு எட்டும் என்று எண்ணிய எல்லை.

இங்கும் நம் பிழையைச் சொல்வோம். தொழிற்பயிற்சி மாணவர் சிலருக்கு மலாய்க் கலைச்சொற்களைத் தமிழில் விளக்கும் துணை வகுப்பொன்றை நடத்தினோம். 'லித்தார்' என்றால் மின்சுற்று, 'பெண்டவாயான்' என்றால் மின்கம்பி இணைப்பு என்று தொடங்கும் எளிய வகுப்பு அது. துறைமுகப் பகுதியில் லாரி உதவியாளராக வேலை செய்துகொண்டே மின்பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர், ஒரு முறை விளக்கினால் அடுத்தவருக்கு விளக்கும் திறன் உடையவராக இருந்தார். ஒருநாள், "சார், இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டார். அவருடைய குடும்பச் சுமையை அறிந்த நாம், இரக்கத்தோடுதான், "முதல்ல இத முடிங்க தம்பி, உங்களுக்கு இது போதும்" என்றோம். அவர் தலையசைத்தார். அப்பயிற்சி முடிந்தபின் அவர் மீண்டும் வரவில்லை.

அவர் கேட்டது ஓர் இலக்கின் முளை. 'போதும்' என்னும் சொல்லைச் சொல்லும் உரிமை கற்பவருக்கே உண்டு. அழைப்பிதழ் தட்டச்சு செய்த அம்மையார் சொன்ன 'போதும்' நிறைவின் சொல். நாம் இளைஞரிடம் சொன்ன 'போதும்' கதவடைக்கும் சொல். சொல் ஒன்றே, சொல்லும் வாய் மாறியதால் பொருள் தலைகீழாயிற்று.

5. ஏணிப்படிகளை அறிவோம்

அவ்விளைஞருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை வருமாறு.

மலேசியத் தொழில்திறன் சான்றிதழ் மூன்று நிலைகளை உடையது. நான்காம் நிலை டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை, 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி இவற்றை வழங்குகிறது. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி கட்டாயமன்று, மலாய்மொழியில் பேசவும் எழுதவும் இயலவேண்டும். வகுப்பறைக்கே வராமல் வேலையில் திறன் பெற்றவரும் தம் பணிச்சான்றுகளைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டின் வாயிலாகச் சான்றிதழ் பெறும் வழி ஒன்றும் இதில் உண்டு.

மலேசியத் தகுதி முகவாண்மை நடத்தும் 'ஏப்பல்' என்னும் திட்டம் மற்றோர் ஏணி. பணி அனுபவத்தையும் முன்னர்க் கற்றவற்றையும் மதிப்பிட்டு, வழக்கமான நுழைவுத் தகுதி இல்லாதவரும் உயர்கல்வியில் சேர அது வழிவகுக்கிறது. சான்றிதழ்க் கல்விக்கு 19, டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைப் பட்டத்துக்கு 21 எனக் குறைந்த அளவு அகவை வகுக்கப்பட்டுள்ளது. தகுதித் தேர்வும் ஆவணத் தொகுப்பும் மதிப்பீட்டில் இடம்பெறும். ஆதலின் இன்று 'சும்மா' போகும் ஒரு நாள் பயிற்சியின் வருகைச் சான்றும், முதலாளி தந்த பணிக் கடிதமும், செய்து முடித்த வேலையின் படமும் நாளை பயன்படக்கூடியவை. அவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது மாணவர் கடமை; சேர்க்கச் சொல்வது ஆசிரியர் கடமை. விதிமுறைகள் காலந்தோறும் திருத்தப்பெறுவதால், விண்ணப்பிக்குமுன் உரிய அலுவலகத்திலேயே கேட்டறிதல் நன்று.

இவ்வேணிகளின் சிறப்பு, ஏறியே ஆகவேண்டும் என்று அவை எவரையும் வற்புறுத்தாமையே. ஒரு படியில் நின்று தொழில் செய்யலாம். பத்தாண்டு கழித்து அடுத்த படியில் கால் வைக்கலாம். ஆனால் ஏணி இருப்பதை அறியாதவர் நிற்பதற்கும், அறிந்தவர் நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. அறிந்து நிற்பதே தெரிவு.

6. செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் முதல் நாளன்றே மூன்று வினாக்களைக் கேட்கலாம். இப்பயிற்சி முடிந்தபின் எதைச் செய்ய விரும்புகிறீர்கள்? அதற்கு இப்பாடத்தில் எந்தப் பகுதி மிகவும் தேவை? இதற்கு மேலும் வழியிருந்தால் அறிய விருப்பமா? விடையை மாணவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்க. நம் கலைச்சொல்லாக மாற்ற வேண்டா. பயிற்சியின் நடுவில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் அதே வினாக்களை மீண்டும் கேட்க வேண்டும். முதல் நாள் 'சும்மா' என்றவர் ஆறாம் வாரத்தில் வேறு விடை தரக்கூடும். கற்றல் அறிவைக் கூட்டுவதோடு இலக்கையும் வளர்க்கும். ஒருவர் வருவதை நிறுத்தினால், பதிவேட்டில் முத்திரை குத்துமுன் ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்பது தகும். இலக்கை அடைந்து நின்றாரா, பேருந்துக் கட்டணம் இன்றி நின்றாரா, மொழி புரியாமல் நின்றாரா என்பதை அறியாமல் மூவரையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆய்வு முறைக்கும் அறத்துக்கும் ஒவ்வாது.

மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வோம். உங்கள் இலக்கு சிறிதாயினும் அதனை வினையெச்சத்தில் சொல்லிப் பழகுங்கள். 'மோட்டார் கோர்ஸ்' என்று நிறுத்தாமல், 'சொந்தமாகப் பட்டறை வைக்க' என்று சொல்லுங்கள். உங்கள் இலக்கு உங்களுக்கே தெளிவானால், பிறர் சொல்லும் 'போதும்' உங்களைத் தடுக்காது. பிறர் சொல்லும் 'போதாது' உங்களை வாட்டாது.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருமண வீட்டில் ஓர் இளைஞரைக் கண்டால், "என்ன படிக்கிறீங்க?" என்பதோடு நிறுத்தாமல், "அதை வைத்து என்ன செய்யப் போறீங்க?" என்றும் பரிவோடு கேளுங்கள். விடை வரச் சற்று நேரமாகலாம். பொறுத்திருந்து கேட்டால், அவர் படிப்பது 'சும்மா' அன்று என்பது நமக்கு விளங்கும். சொல்லச் சொல்ல அவருக்கும் விளங்கும்.